மயிலாப்பூருக்குக் கீழே ரசம்

பாண்டி பஜாரில் போன ஞாயிறு ஒரு பொம்மைக் கடை வாசலில் நின்றுவிட்டேன். அட்டைப்பெட்டியில் எரிமலை விற்கிறார்கள். பொடியைக் கொட்டி, புட்டியில் இருப்பதை ஊற்றினால் பொங்குமாம். "புள்ளைங்களுக்கு சயின்ஸ் தானா வந்துடும் சார்," என்றார் கடைக்காரர். எனக்கோ மூக்கில் காரக்குழம்பு வாசனை அடித்தது. ஏன் என்று உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

ஊரடங்கு நாட்கள். மயிலாப்பூரில் பழைய கட்டடம் ஒன்றில் வாடகை வீடு. என் மகள் மீனு அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடமே லேப்டாப்புக்குள் வந்துவிட்டதால், எரிமலையையும் நிலநடுக்கத்தையும் பெற்றோரே வீட்டில் சொல்லிக் கொடுக்கட்டும் என்று டீச்சர் எங்கள் தலையில் கட்டிவிட்டார். பீஸை மட்டும் வழக்கம்போல அவர்களே வாங்கிக்கொண்டார்கள். பெற்றோர் வாட்ஸாப் குழுவில் கே.கே. நகர் அப்பா ஒருவர் தெர்மாகோலில் எரிமலை செய்து, விளக்கும் புகையும் வைத்து வீடியோ போட்டார். குழந்தை அதில் எங்கேயும் இல்லை.

எனக்குத் தமிழ் ரோஷம் வந்தது. லாவா என்ன லாவா, எரிமலைக் குழம்பு என்று சொல். பிளேட் என்ன பிளேட், புவித்தட்டு என்று சொல் என்று ஆரம்பித்தேன். சொன்னதோடு விட்டேனா? மத்தியானத்துக்கு வைத்திருந்த காரக்குழம்பில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை விட்டு, "பூமிக்கு அடியில இப்படித்தான். தட்டு நகர்ந்து இடிச்சா நிலம் ஆடும்," என்றேன். தட்டுகள் நகரவில்லை, முழுகிவிட்டன. என் மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பாடம் முடிஞ்சுதுன்னா சொல்லுங்க, அப்பளம் பொரிக்கணும்," என்றாள்.

மறுநாள் காலையில் தண்ணி லாரி தெருவுக்குள் வந்தது. அது வந்தால் எங்கள் கட்டடம் லேசாக அதிரும். சமையலறை ஸ்டாண்டில் தட்டுகள் கடகடக்கும். மீனு அலறிக்கொண்டு வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, நம்ம தட்டு நகருது!"

ஜன்னல் வழியே லாரியைக் காட்டினேன். நம்பவில்லை. குழம்பைத் தொடமாட்டேன் என்றாள். கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தவள் சாப்பிடவும் வரவில்லை, தூங்கவும் இல்லை. அழுகைச் சத்தம் கேட்டு மேல் வீட்டு மாமா, ரிட்டயர்டு பேராசிரியர், மாஸ்க் போட்டுக்கொண்டு இறங்கி வந்து ஆறுதல் சொன்னார். "பயப்படாதே கொழந்தே. மெட்ராஸ்ல பூகம்பம் வர்றதுக்குச் சான்ஸ் கம்மி. கம்மின்னா, வரவே வராதுன்னும் சொல்லிட முடியாது." மீனு இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள்.

இப்போது எனக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளை சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டபிறகு என்ன அறிவியல் வேண்டிக்கிடக்கிறது? நானும் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய் அவள் காதில் சொன்னேன். "குழம்பெல்லாம் வேற ஊருக்குக் கீழதான். மயிலாப்பூருக்குக் கீழ ரசம்."

"சுடாதா?"

"அது எப்பவோ ஆறிடுச்சு."

யோசித்தாள். "அடையாறுக்கு?"

"மோர்."

வெளியே வந்து சாதம் போடச் சொன்னாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தாள்.

அடுத்த வகுப்பில் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்க, மீனு கையைத் தூக்கினாள். நான் காமிராவில் தெரியாதபடி நாற்காலியோடு பின்னால் போனேன். "எங்க ஏரியாவுக்குக் கீழ ரசம் மிஸ்." அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள், அவர்கள் பின்னால் ஒளிந்திருந்த அப்பா அம்மாக்களும் சிரித்தார்கள். "யாரும்மா சொன்னா?" என்றார் டீச்சர். மீனு அசரவில்லை. "எங்கப்பா. அவருக்கு எல்லாம் தெரியும் மிஸ்."

ஆபீசில் இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட என்னைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை. மானம் போனதையும் மீறி நெஞ்சு நிறைந்துவிட்டது.

மீனு இப்போது என் தோளுக்கு வந்துவிட்டாள். போன வாரம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது, நிலா சில நாள் பகலிலும் ஏன் தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். "இருப்பா," என்று போனை எடுத்துப் பார்த்தாள். "ஆமா, கரெக்ட்தான்," என்று சொல்லிவிட்டுத் துணியோடு கீழே போய்விட்டாள். இத்தனைக்கும் இந்தத் தடவை நான் சொன்னது அத்தனையும் நிஜம்.