கன்னியம்மா பார்க்காத மொம்பாசா

பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகிறது. ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை. போன வாரம் புதுப் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து என் கையில் போனைக் கொடுத்தான். மூன்று நாள் கடற்கரை, இரண்டு நாள் காடு என்று ஒரு டூர் கம்பெனி விளம்பரம். மணலில் ஒட்டகம் நிற்கிறது, ஜீப்புக்கு எதிரே சிங்கம் கொட்டாவி விடுகிறது.

"தாத்தா, நாங்க மொம்பாசா போறோம். நீங்க அங்கதான் வேல செஞ்சீங்கன்னு அம்மா சொல்லிச்சு. இன்னா இன்னா பாக்கலாம்னு சொல்லுங்க."

நாற்பது வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் ஊரில் பெரிய மனுஷன் ஆனவன். கேட்டால் போதும், ஒரு மணி நேரம் பேசுவேன். அன்றைக்கு என்னவோ வாய் வரவில்லை. "தண்ணி மட்டும் காச்சி குடிங்கப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் மரியாதைக்குத் தலையாட்டியது. இதைக் கேட்கவா வந்தோம் என்று பையன் நினைத்திருப்பான்.

மறுநாள், ஊருக்குப் போக வாங்கிய புதுப் பெட்டியைத் தங்கள் வாசலில் வைத்துத் திறந்து காட்டினார்கள். அந்த ரெக்சின் வாசனை இருக்கிறதே, அது என்னை நேராக எழுபத்தொன்பதில் கொண்டுபோய் விட்டது. உத்திரமேரூர் ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தேன் அப்போது. இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த காதர் பாய்க்கு மொம்பாசாவில் சொந்தக்காரர்கள் உண்டு. அவர் ஒரு கடிதம் போட்டார், அங்கே ஒரு சேட்டின் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெண்டாட்டி கன்னியம்மா மானாம்பதியில் இருந்த என் மாமன் மகள். நாலு பேர் எதிரில் "இன்னாங்க" என்பாள், தனியாக இருக்கும்போது "மாமா, நீ" என்பாள். அவள்தான் என் பெட்டியை அடுக்கினாள். இங்கேயே விற்கிற சோப்பைக்கூட ஆறு கட்டி உள்ளே வைத்தாள்.

கடை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். கடற்கரை ஓட்டல்களுக்கும், வெள்ளைக்காரர்களைக் காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிற வேன்களுக்கும் மளிகை போடுகிற கடை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே வேன்கள் வரிசையில் நிற்கும். ரொட்டி, டப்பா மீன், ஆரஞ்சு, பெரிய பெரிய பிளாஸ்கில் டீ. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டிக் கொடுப்பது என் வேலை. எத்தனை பேர் சிங்கம் பார்க்கப் போனார்களோ, அத்தனை பேருக்கும் சாப்பாடு கட்டியவன் நான். இன்றைக்கும் ரேஷன் கடையில் ஈரமான அட்டைப்பெட்டி வாசனை அடித்தால், வரிசையை விட்டு நகர்ந்து கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.

இனி வருவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். ஐந்து வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்தக் காட்டுக்குப் போனதில்லை. கடற்கரைக்கும் போனதில்லை. பேங்குக்குப் போகிற வழியில் தெருக்கோடியில் நீலமாக ஒரு பட்டை தெரியும், அவ்வளவுதான் நான் கண்ட கடல். ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் சரக்கு அடுக்கவேண்டும், மீதி நாள் துணி துவைத்துப் போட்டுத் தூங்கவேண்டும். தங்கைகளை நினைத்து பஸ் சார்ஜுக்குக்கூடக் கை வராது. வெள்ளைக்காரர்கள் படுத்திருக்கிற இடத்துக்கு நாலு முழ வேட்டியோடு நாம் எப்படிப் போவது என்ற கூச்சமும் உண்டு. அடுத்த மாதம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்றே போய்விட்டது.

பார்த்ததெல்லாம் ஜுமாதான். ஜுமா ஒரு வேன் டிரைவர். திங்கட்கிழமை காலிப் பிளாஸ்க்குகளைத் திருப்பிக் கொடுக்க வருவான். அவனுக்குக் கொஞ்சம் இந்தி, எனக்குக் கொஞ்சம் சுவாஹிலி, மிச்சத்துக்குக் கை இருக்கவே இருக்கிறது. சிங்கம் வேனின் நிழலில் வந்து படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை என்று தரையில் படுத்தே காட்டுவான். சாவோ காட்டில் யானைகள் சிவப்பாக இருக்கும், அங்கே மண் செம்மண், அதை வாரி மேலே போட்டுக்கொள்ளும் என்பான்.

இதையெல்லாம் கன்னியம்மாவுக்கு எழுதினேன். "ஜுமா சொன்னான்" என்றுதான் முதலில் எழுதினேன். மடித்து ஒட்டுகிற ஏரோகிராம் தாளில் இடம் குறைச்சல். அதனால் ஜுமாவை விட்டுவிட்டேன். அவனை எடுத்ததும் அந்த இடத்தில் நான் வந்து உட்கார்ந்துவிட்டேன். கடையில் விற்கிற படம் போட்ட அட்டைகளையும் வாங்கி வாங்கி அனுப்பினேன். கன்னியம்மா ஐந்தாவது படித்தவள். என் கடிதத்தைத் தெருவுக்கே படித்துக் காட்டினாளாம்.

எண்பத்தொன்றில் லீவில் வந்தேன். டீக்கடை பெஞ்சில் எனக்கென்று இடம் விட்டார்கள். சிங்கம் என் ஜன்னலை மோந்து பார்த்தது என்றேன், எல்லாரும் நம்பினார்கள். கடலில் கழுத்தளவு நின்றேன் என்றேன், அதையும் நம்பினார்கள். யானை சிவப்பாக இருந்தது என்றேன், அப்போதுதான் சிரித்தார்கள். "யானை செவப்பா? ஏன்யா, வெத்தல பாக்கு போட்டுச்சா?" என்று ஒருத்தன் கேட்டான். நான் சொன்னதில் உண்மை அது ஒன்றுதான். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குப் பொய்தான் பொருந்தியது.

கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது அட்டைகளையெல்லாம் பாயில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துலயும் சிங்கம் கீது, யானை கீது. நீ எங்க கீற மாமா?"

"படம் புடிக்கிறவன் நான்தானே, நான் எப்டி அதுல வருவேன்?" என்றேன். பதில் எப்படிச் சட்டென்று வந்து விழுந்தது பாருங்கள். திரும்பிப் போனதும் முதல் வேலையாக ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். கடலும் தென்னைமரமும் வரைந்த திரை, அதன் எதிரே கொஞ்சம் நிஜ மணலையும் கொட்டி வைத்திருந்தான். இடுப்பில் கை வைத்து நின்று படம் எடுத்து அனுப்பினேன். அவள் பதில் எழுதினாள்: "போட்டோ வந்தது. உடம்பு இளைத்திருக்கிறது. கடற்கரையில் நிற்கிறீர்கள், செருப்பில் ஒரு பொட்டு மணல் இல்லையே, துடைத்துவிட்டீர்களா?" துடைத்துவிட்டேன் என்று எழுதினேன். இதற்காக ஒரு முழு ஏரோகிராம் செலவானது.

எண்பத்துமூன்றில் சேட் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, உன் சம்சாரத்தை ஆறு மாதம் வரவழைத்துக்கொள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே எழுதிப் போட்டேன். கன்னியம்மா தன் தம்பியோடு மெட்ராஸுக்கு மூன்று நடை நடந்து பாஸ்போர்ட் வாங்கினாள். காதர் பாய் கடையில் இரண்டு நைலக்ஸ் புடவை எடுத்தாளாம். கடலில் நனைந்தால் நைலக்ஸ்தான் சீக்கிரம் காயுமாம். அதை எழுதிவிட்டுக் கீழே, "முதலில் கடல், அப்புறம் சிங்கம். நீங்கள் குளித்த அதே இடத்தில் நான் குளிக்கவேண்டும்" என்று எழுதியிருந்தாள்.

அந்த வரியை மறுபடியும் படித்தேன். எந்த இடத்தைக் காட்டுவேன்? கடற்கரைக்கு எந்த பஸ் போகும் என்றுகூட எனக்குத் தெரியாது. வந்த முதல் வாரமே கூட வேலை செய்கிற பையன்கள் சொல்லிவிடுவார்கள், அண்ணன் கடையைத் தாண்டினதே இல்லை அண்ணி என்று. மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள், சேட் அந்த அறையை வேறு ஆளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று எழுதிவிட்டேன். சேட்டிடம், அவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன்.

இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. என்ன ஆகியிருக்கும்? வந்திருப்பாள். நான் அசடு வழிந்திருப்பேன். "அடப்பாவி மாமா" என்று ஒரு நாள் சிரித்திருப்பாள், மறுநாள் இரண்டு பேருமாக ஜுமாவின் வேனில் ஏறியிருப்போம். இவ்வளவுதானே. இருபத்தெட்டு வயதில் இது எனக்குத் தோன்றவில்லை.

நான் எழுதிய இரண்டாம் மாதம், காதர் பாயின் மருமகன் லீவில் ஊருக்கு வந்தான். என்னோடு அதே கடையில் வேலை செய்தவன், நான் எழுதியது எதுவும் அறியாதவன். கன்னியம்மா துணிக்கடைக்குப் போய், ரூமு எப்போ காலியாகும் தம்பி என்று அவனைக் கேட்டிருக்கிறாள். "காலியாத்தான் கீதுக்கா. யாரும் வரல. கோணி அடுக்கி வெச்சிக்கினு கீறோம்" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

எண்பத்துநாலில் நான் ஒரேயடியாகத் திரும்பி வந்தபிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. வந்த மறுநாள் காலை கிணற்றடியில் குடத்தைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"ரூமு காலியாத்தானே இருந்துச்சு?"

நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.

"நான் பட்டிக்காடு. நான் அங்க வந்தா உனக்கு மானக்கேடு. அதானே மாமா?"

என் சிங்கத்தையும் கடலையும் அவள் துளிகூடச் சந்தேகப்படவில்லை. என்னைத்தான் சந்தேகப்பட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்றால் வேறு என்ன என்று சொல்லவேண்டும் இல்லையா? அதைச் சொல்ல வாய் வரவில்லை. பெண்டாட்டி என்னைப் புளுகன் என்று நினைப்பதைவிட, புருஷன் தன்னைக் கண்டு வெட்கப்பட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது பரவாயில்லை என்று விட்டுவிட்டவன் நான். அவள் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. நைலக்ஸ் புடவைகளை நாத்தனார்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாள்.

ஜம்பம் மட்டும் என்னை விடவில்லை. வேடந்தாங்கலில் பறவை இறங்கியிருக்கிறது, பார்க்கப் போகலாமா என்று தெருவே வண்டி கட்டும். சிங்கம் பார்த்தவன் கொக்கு பார்க்கப் போவானா என்பேன். மகாபலிபுரம் போகலாமா என்றால், அது ஒரு கடலா என்பேன். இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் அவளை எங்கேயும் கூட்டிப்போகவில்லை. ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிக் கல்பாக்கம் பக்கம் போனாள்.

என் மருமகன்தான் ஒரு தை மாதம் எங்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றி சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு அழைத்துப்போனார். கன்னியம்மாவுக்கு அப்போதே முட்டிவலி. என் தோளைப் பிடித்துக்கொண்டு புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒரு அலை வந்து எங்கள் காலை நனைத்துவிட்டுப் போனது. அவள் கொஞ்ச நேரம் கடலையே பார்த்தாள்.

"அங்கயும் இப்டித்தான் இருந்துச்சா?"

"இப்டித்தான்" என்றேன்.

"அப்போ பாத்துட்டேன், போ" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. கன்னியம்மா, உன்னைப் பார்த்து நான் வெட்கப்படவில்லை, நானும் எதையுமே பார்த்ததில்லை, கடலில் கால் வைப்பது எனக்கும் இன்றைக்குத்தான் முதல் தடவை என்று சொல்லியிருக்கலாம். மருமகன் கரையிலிருந்து போட்டோ எடுக்கக் கூப்பிட்டார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் அவளை ஒதுக்கினேன் என்று நினைத்தபடியேதான் போனாள்.