பிரிக்பீல்ட்ஸில் ஒன்பதாவது ஆள்

ஞாயிறு காலை எட்டரைக்குக் கிள்ளானில் கம்யூட்டர் ரயில் ஏறினோம். உடன் வந்தவன் வில்சன். லோரி ஓட்டுகிறவன், என் முப்பது வருட நண்பன். அன்றைய மாதா கோயில் பூசையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தான்.

ஷா ஆலம் தாண்டும்வரை வில்சன் எனக்குச் சீட்டுப் பாடம் எடுத்தான். "ஜெயிக்கப் போகலடா. வெளிய போகாம இருந்தா போதும். நல்ல சீட்டு வந்தாலும் ஆடாம கீழ போட்டுரு."

காரணம் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஆடப் போகும் போக்கர் போட்டியில் பரிசு பணமல்ல. மெல்பர்னில் நடக்கும் பெரிய போட்டிக்கு இடமும் விமான டிக்கெட்டும், எட்டுப் பேருக்கு. முதலாமவருக்கும் எட்டாமவருக்கும் ஒரே பரிசு. ஒன்பதாமவருக்கு ஒரு கைகுலுக்கல். அடுத்தவர் பெயருக்கு மாற்றவும் முடியாது.

மெல்பர்னில் வில்சனின் மகள் இருக்கிறாள். மூன்று மாதப் பேரனை அவன் போனில் மட்டுமே பார்த்திருக்கிறான். டிக்கெட்டுக்குச் சேர்த்த காசு, வெள்ளம் புகுந்த வீட்டைச் சரிசெய்யப் போய்விட்டது.

பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் டீ இரண்டரை ரிங்கிட். பயத்தில் மூன்று குடித்தேன். மேசையில் உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய தவறு என்று வயிறு சொன்னது.

மாலை நான்கு மணிக்கு ஒன்பது பேர் மிஞ்சினோம். ஒருவரிடம் இரண்டே பந்தயச் சில்லுகள். அடுத்த சுற்றில் அவர் போய்விடுவார். நாங்கள் இருவரும் சும்மா இருந்தாலே போதும்.

அப்போதுதான் எனக்கு இரண்டு ராஜா வந்தது. எதிரே, மலைபோல் சில்லு குவித்திருந்த, அம்பாங்கிலிருந்து வந்த ஆன்டி எல்லாவற்றையும் முன்னே தள்ளினார். என் சீட்டை நான்கு முறை எட்டிப் பார்த்தேன். ராஜாக்கள் மாறவில்லை, என் முகம்தான் மாறியிருக்கும். கீழே போட்டேன். நிதானம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பயம்.

அடுத்த ஆட்டத்திலும் ஆன்டி தள்ளினார். வில்சன் தன் சீட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். போடுடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இருப்பவன் வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

"கால்," என்று பந்தயத்தை ஏற்று, தன் சில்லுகள் எல்லாவற்றையும் தள்ளினான்.

அவனுடையது இரண்டு ஆஸ், இருப்பதிலேயே பெரிய ஜோடி. ஆன்டியுடையது இரண்டு ஏழு. மேசையில் மூன்றாவது ஏழு விழுந்து அவன் ஆஸ்களை வென்றது.

"சாரி லா, அங்கிள்."

"பரவால்ல லா, ஆன்டி." எழுந்து எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும். அவன் ஒன்பதாவது ஆள். நான் எட்டுப் பேரில் ஒருவன்.

திரும்பும் ரயிலில் கேட்டேன். "ஏன்டா போடல?"

"நாள் பூரா குப்பை மச்சான். கடைசில ரெண்டு ஆஸ். பூசைக்குப் போகாதவனுக்கும் ஆண்டவர் டிக்கெட் குடுக்குறார்னு நெனச்சிட்டேன்."

பிறகு மகளை வீடியோவில் அழைத்தான். "நான் வரலம்மா. அங்கிள் வரார். ஆமா, அந்தக் கோமாளி அங்கிள்தான்."

போனை என்னிடம் நீட்டினான். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குக் கோமாளித்தனம் ஒன்றும் வரவில்லை.

வில்சன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தூக்கும்போது தலையத் தாங்கிப் புடிச்சுக்கடா," என்றான்.