பூசணம் பூத்த ஆரஞ்சுக் கூடை

மயிலாப்பூர் குளத்தருகே அம்மா பழக்கடை வைத்திருந்தாள். எட்டு வயதில், பள்ளி விட்டதும் நான் அங்கேதான் இருப்பேன். பூசணம் பிடித்த பழத்தை மட்டும் நான் தொடக் கூடாது. அம்மாவே அதை மெல்ல எடுத்துப் பையில் போட்டுக் கட்டுவாள். கை கழுவிவிட்டுத்தான் அடுத்த பழத்தைத் தொடுவாள். கெட்டுப்போன பழத்துக்கு இத்தனை மரியாதையா என்று நினைத்துக்கொள்வேன்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரம் அது. பாட்டு வாத்தியார் வீட்டு மாமி, மகளின் நிச்சயதார்த்தத் தட்டுகளுக்காக ஒரு கூடை கமலா ஆரஞ்சு சொல்லியிருந்தார். அம்மா ஆரஞ்சுப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், நான் அதைப் பிரித்தேன். நாலைந்து பழங்களில் வெள்ளையும் பச்சையுமாக வட்டங்கள். இவையும் குப்பைக்குப் போனால் அம்மா முகம் வாடுமே! கடைத்துணியால் அழுத்தித் துடைத்தேன். பூசணம் போயே போய்விட்டது. அதே துணியால் மற்றவற்றையும் துடைத்துக் கூடையில் அடுக்கினேன். நாலைந்து பழங்களின் பூசணத்தை எல்லாப் பழங்களுக்கும் பூசிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

"இன்னாம்மா, இப்டி மினுக்குது!" என்று திரும்பி வந்த அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். கூடையைத் தார்ப்பாயால் மூடி உள்ளே வைத்தாள்.

நாலு நாள் கழித்து, சனிக்கிழமை காலை மாமி வந்தார். அம்மா தார்ப்பாயை விலக்கி ஒரு பழத்தை எடுத்தாள். விரல் உள்ளே இறங்கியது. அடியிலிருந்து பச்சைத் தூள் புகைபோல் எழும்பியது.

"ஐயோ, சாயங்காலம் நிச்சயதார்த்தம்! இதையா சம்பந்தி முன்னாடி வெப்பேன்?" மாமியின் குரல் உடைந்தது.

அம்மா, ஆணியில் தொங்கிய துணியைப் பார்த்தாள். அதில் பச்சைத் திட்டுகள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் தப்பு மாமி. சரியா பொறுக்காம அடுக்கிட்டேன். மத்தியானத்துக்குள்ள நல்ல பழமா வூட்டாண்ட கொண்டாந்து தரேன்."

மாமி குடையை விரித்தார். "சரி, நீ வேணும்னேவா பண்ணியிருப்ப? மறந்துடாதே."

அம்மா மழையில் நனைந்தபடி நாலு கடை ஏறி இறங்கி, கூடையை நிரப்பி, மாமி வீட்டில் சேர்த்துவிட்டு வந்தாள். தலைகூடத் துவட்டாமல் அந்தத் துணியைப் பையில் போட்டுக் கட்டினாள். பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவால்லம்மா. அடுத்த வாட்டி நல்லா பாத்து பொறுக்கு" என்று தைரியம் சொன்னேன்.

அம்மா சரியென்று தலையாட்டினாள்.