சிவப்பில் வைத்த வட்டம்

1.75. இந்த எண்ணை மனதில் வையுங்கள். மண்டையைத் திறக்காமலே உள்ளே இருக்கும் கட்டி சாதுவா முரடா என்று பார்க்க எங்கள் ஆஸ்பத்திரியில் போட்டு வைத்திருக்கும் கோடு அது. கை நரம்பில் மருந்தை வேகமாக ஏற்றுவார்கள். அது மூளைக்குள் ஓடும்போது ஸ்கேன் இயந்திரம் நொடிக்கு நொடி படம் பிடிக்கும். கட்டியில் இருக்கும் ரத்தத்தை மறுபக்கத்து நல்ல மூளையோடு ஒப்பிட்டால் ஓர் எண் வரும். முரட்டுக் கட்டிக்கு ரத்தம் அதிகம் வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் சந்தேகம். கீழே நின்றால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அந்த எண்ணை எடுத்துக் கொடுக்கிறவர் பதினாறு வருஷமாக ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் பெண். ஆஸ்பத்திரி ஊழியர் சங்கத்தில் எல்லோருக்கும் அவர் அசையாதக்கா. நாள் முழுக்க மைக்கில் "அசையாதீங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். ஆனால் சொல்கிறவர் ஓர் இடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை. கூட்டத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு நடந்துகொண்டேதான் பேசுவார். மூன்று ஷிப்டுக்கு இரண்டே ஆள் என்று நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருத்தர்தான். கேட்டுக்கொண்டார்கள். ஆள் போடவில்லை.

போன மாதம் அவருடைய அண்ணனே ஸ்கேன் மேஜையில் படுத்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவர். ஒருநாள் பாதி அறிவிப்பில் வார்த்தை நின்றுபோனது. மூளையின் இடது பக்கம், பேச்சுக்கான இடத்தை ஒட்டிக் கட்டி.

"நீ பாக்க வேணாமே, வேற யாரையாவது சொல்லேன்" என்றார் அண்ணி.

"வேற யாரு இருக்கா அண்ணி? இன்னைக்கு நான் மட்டும்தான்."

உள்ளே படுத்தபடி அண்ணன் சொன்னார். "சின்ன வயசுலேர்ந்து என்னை அசையாம உக்கார வைக்கப் பாத்த. இன்னைக்குதான் வாய்ச்சிருக்கு."

3.9 வந்தது. உடனே வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். மண்டையில் துளை போட்டு, ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்ப்பதாகத் திட்டம். பேச்சு போனாலும் போகலாம் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

புதன் மதியம் வேலை முடிந்து பஸ் ஏறியவருக்கு உட்கார முடியவில்லை. மற்ற படங்களில் கட்டி சாதுவாகத்தான் இருந்தது. இந்த ஓர் எண் மட்டும் உதைத்தது. அளப்பதற்கு ஒரு சின்ன வட்டத்தைக் கட்டியின் மேல் வைக்க வேண்டும், வண்ணப் படத்தில் ரத்தம் அதிகமாகி எங்கே சிவப்போ அங்கே. கட்டியை ஒட்டி ரத்தக்குழாய் ஓடினால் அதுவும் சிவப்பாகத்தான் தெரியும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே அவர் எச்சரிக்கும் விஷயம். அன்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அண்ணனின் பாதங்கள் தெரிந்தன. வட்டத்தை எதன் மேல் வைத்தோம்? நினைவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்.

படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், எங்கண்ணன் படத்துல வட்டத்தைக் குழாய் மேல வச்சுட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"தெரியல. அதான் வந்தேன்."

டாக்டர் பையைக் கீழே வைத்தார். "பாத்துக் கையெழுத்துப் போட்டது நான். தப்புன்னா எனக்கும் பங்கு உண்டு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது டெக்னீஷியன் சந்தேகமா, தங்கச்சி ஆசையா?"

"ரெண்டையும் பிரிக்கத் தெரியல சார். அதனால நீங்களே அளங்க. நான் பாக்கல."

அசையாதக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது.

"குழாய்தான்" என்றார் டாக்டர். "வட்டம் நட்டநடுக் குழாய்ல உக்காந்திருக்கு."

அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"துள்ளாதீங்க. கட்டிய இன்னும் அளக்கல. கோட்டுக்குக் கீழ வந்தா, நாளைக்கு ஊசி வேணாம், மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் படம் எடுப்போம்னு சர்ஜன்கிட்ட நானே பேசுறேன். மேல வந்தா குறிச்ச நாள் குறிச்ச நாள்தான்."

குழாயை விட்டு விலகி நான்கு இடத்தில் டாக்டர் வட்டம் வைத்தார். ஒவ்வொரு தட்டலுக்கும் அசையாதக்கா சுவரோரமாக ஓர் அடி நகர்ந்தார். நான்காவதுக்கு அறையின் மூலைக்கே போய்விட்டார்.

"நாலுல எது பெருசோ அதைச் சொல்லுங்க சார்."

"1.2."