கறுப்புச் சாயமும் கயிற்று நுனியும்

சலூன்காரனிடம் தலையைக் கொடுத்தவர் காதையும் சேர்த்தே கொடுத்தாக வேண்டும். அதுதான் எங்கள் தொழில். கழுத்தில் துணி கட்டிய பிறகு எழும்பவும் ஏலாமல், கதையை நிறுத்தவும் ஏலாமல் நீங்களும் ஒருநாள் தவித்திருப்பீர்கள். திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் என் கடையில் அப்படித் தவித்தவர்களில் சிலரைச் சொல்கிறேன்.

படத்துக்கு ஏற்ற தலை

சண்டையின் கடைசி வருசங்கள். கப்பல்துறையிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வரும் செல்வத்துக்கு வயது இருபத்தெட்டு. தலைக்கு மட்டும் அறுபது. அந்த வீட்டு ஆண்களுக்கு மீசை அரும்பும்போதே தலை வெளுக்கத் தொடங்கிவிடும். நரைக்கு முந்திய அடையாள அட்டைப் படத்திலோ கன்னங்கரிய முடி. கண்டி வீதிச் சென்ரியில், அந்தச் சோதனைச் சாவடியில், நின்ற ஆமிக்காரப் பொடியன் அட்டையையும் தலையையும் மாறி மாறிப் பார்த்து, "மகன்ர அட்டையா?" என்று கேட்டு, மத்தியானம் வரை வெயிலில் நிறுத்திவிட்டான்.

செல்வம் அங்கிருந்து நேரே என் கதிரைக்கு வந்தான். என் சாயம் பூசிய ஒருவர் கொட்டியாரக் குடாவில் தவறி விழுந்தபோது தலையில் சாயம் துளியும் குறையவில்லை, அவர் தலையில் உரசிய மீன்தான் ஏழு நாளைக்குக் கறுப்பாகப் பிடிபட்டது என்று அவனுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"அண்ணை, படத்தை மாத்த மாசக்கணக்காகும். நீங்கள் தலையை மாத்துங்கோ."

அரைத் தலையோடு போன டொக்டர்

செல்வத்தின் தம்பி பாலனுக்கு வருத்தம் வந்தது. தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும். பல் தீட்டினால் ரத்தம் நிற்காது. எலும்புக்குள் ரத்தம் ஊறுவது வற்றிவிட்டது, இந்தியாவுக்குக் கொண்டுபோய் உடன்பிறந்தவரின் எலும்பு மச்சையை ஏற்றினால்தான் தப்புவான் என்றார்கள். செல்வத்தினதும் பொருந்தியது, அக்கா வசந்தியினதும் பொருந்தியது. ஆம்பிளை இருக்கப் பொம்பிளையைக் கிடத்துவதா என்று வீட்டார் செல்வத்தையே தீர்மானித்தார்கள். "வீட்டில ஆருக்கும் இளநரை இருக்கோ?" என்று பாலனைப் பார்த்த டொக்டர் கேட்டதற்கு, சென்ரியில் பழகிய வாயால் அவன் "இல்லை" என்றுவிட்டான். சாயம் என்று எங்காவது பதிந்துவிட்டால் ஆமிக்கு யார் பதில் சொல்வது?

அதே டொக்டர் என்னிடம் முடி வெட்ட வந்தார். எனக்கோ என் கைத்திறமையைச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

"கப்பல்துறைச் செல்வத்தின்ர தலை முழுக்க என்ர வேலை, ஐயா. சாயத்துக்குக் கீழே பஞ்சு. உங்கட கண்ணுக்கே பிடிபடேல்லைப் பாருங்கோ."

டொக்டர் துணியோடு எழும்பிவிட்டார். ஒரு பக்கம்தான் வெட்டியிருந்தேன்.

"மிச்சத்தை நாளைக்கு வெட்டுவம் அண்ணை. முதல் அந்தப் பயணத்தை நிப்பாட்ட வேணும்."

கயிற்று நுனி

உடன்பிறந்த மூன்று பேரின் ரத்தமும் பரிசோதனைக்கு வெளிநாட்டுக்குப் போனது. முடிவு வருவதற்குள் டொக்டருக்கு அடுத்த முடிவெட்டே வந்துவிட்டது. என் கடையிலேயே செல்வத்துக்கு விளங்கப்படுத்தினார்.

"தோணிக் கயிற்றின்ர நுனியை நூல் சுத்திக் கட்டாட்டி பிரிஞ்சுபோமெல்லோ? உடம்புக் கலத்துக்குள்ள, செல்லுக்குள்ள, இருக்கிற நிறமூர்த்தம் எண்ட குரோமோசோமுக்கும் அப்பிடி ஒரு நுனிக்கட்டு இருக்கு, டெலோமியர். கலம் பெருகப் பெருக அது தேயும். தேஞ்சதைத் திருப்பிக் கட்டுற நொதியத்தின்ர பேர் டெலோமரேஸ். உங்கட வீட்டில சில பேருக்கு அது பலவீனம். தம்பிக்கு ரத்தத்தில காட்டிட்டுது. உமக்கு இப்போதைக்குத் தலையோட நிக்குது."

அவர்களின் தகப்பன் இருமி இருமிச் செத்துப்போனதைச் சுருட்டின் தலையில் போட்டிருந்தார்கள். நுரையீரல் தழும்பேறுவதும் இதனால் வரலாமாம். வசந்தியின் நுனிகள் மட்டும் நல்ல நீளம். தம்பிக்குத் தானே கொடுக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்திருந்த செல்வம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் குடுத்திருந்தால், அவன்ர வருத்தத்தையே அவனுக்குத் திருப்பிக் குடுத்திருப்பன் என்ன, டொக்டர்?"

போத்தல் யோசனை

செல்வம் போன பிறகு என் யோசனையைச் சொன்னேன். அந்த நொதியத்தைப் போத்தலில் அடைத்து வாசனை போட்டுத் தந்தால், தலைக்குத் தேய்த்து விட்டு ஊரையே இளமையாக்கிவிடுவேன். டொக்டர் சிரிக்கவில்லை. முக்கால்வாசிப் புற்றுநோய்க் கலங்களும் இதே நொதியத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாகாமல் பெருகுகின்றனவாம். குறைந்தாலும் வருத்தம், கண்டபடி கூடினாலும் வருத்தம்.

"உங்களிட்டை அதைத் தந்தால் அண்ணை, சாகாத கிழவரும் வருவார், சாகாத கட்டியும் வரும்."

அக்காவின் பங்கு

வசந்தி கைப்பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டுத் தம்பியோடு இந்தியாவுக்கு ஓடினாள், மச்சையையும் கொடுத்தாள். அடுத்த வருசம் பாலன் திரும்பி வந்தான். மொட்டையில் கோழிக்குஞ்சுபோல மயிர் முளைத்திருந்தது. செல்வம் தகப்பனைப் போலப் பிடித்துவந்த சுருட்டுப் பழக்கத்தை விட்டான், நெஞ்சைப் பரிசோதிக்க ஒழுங்காகப் போகிறான், நரையையும் புதுப்படத்தில் பதிந்துவிட்டான்.

பாலனைக் கதிரையில் இருத்தி, துறைமுகத்துக்குள் வந்த திமிங்கிலத்துக்கு நான் முகம் வழித்த கதையைத் தொடங்கினேன்.

"சுருக்குங்கோ அண்ணை. இப்ப உள்ளுக்கு ஓடுறது அக்கான்ர ரத்தம், பொய்க்கதை கேக்கப் பொறுமை இல்லை."

இத்தனை வருசத்தில் என் கத்திரிக்கோல் ஒருவரையும் காப்பாற்றியதில்லை, காப்பாற்றியது என் தற்பெருமைதான், அதனால் அதை இன்றுவரை குறைக்காமல் வைத்திருக்கிறேன்.