கன்னத்தில் காய்ந்த ஜாடி

எழுபதுகளில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் சேர்ந்தேன்.

"மண்ணு சுடறதுக்கு எம்.எஸ்ஸி. எதுக்கும்மா?" என்று சிரிப்பார் ஃபோர்மேன். கூச்சத்தில், சூளையேற்ற அனுமதிக்கும் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே பட்டத்தைப் போடாமலே விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள், சூளையில் அடுக்கவிருந்த ஊறுகாய் ஜாடி ஒன்றை அவர் கன்னத்தில் வைத்து, ஈரம் சில்லிடுகிறதா என்று பார்த்தார். "காஞ்சிடுச்சு, கையெழுத்துப் போடுங்க."

பாதி போட்டுவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஜாடியின் அடியில் ஒரு துண்டை உடைத்து எடைபோட்டேன். ஆய்வக அடுப்பில் உலர்த்தி மறுபடி நிறுத்தால், எடை நன்றாகக் குறைந்திருந்தது. உள்ளே அத்தனை ஈரம்! சூளையேற்றியிருந்தால் அத்தனை ஜாடியும் வெடித்திருக்கும்.

ஒரு வாரம் உலரவைத்துச் சுட்டோம். ஒன்றில்கூட விரிசல் இல்லை. அடுத்த சூளைக்கு, நிறுத்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன். ஃபோர்மேன் தாளைத் திருப்பி நீட்டினார்.

"எம்.எஸ்ஸி.ய விட்டுட்டீங்களே, அதையும் போடுங்க."

அன்றிலிருந்து தராசையும் விட்டதில்லை, பட்டத்தையும் விட்டதில்லை.