செம்பு ஏறிய சுத்தியல்

நம்பினால் நம்புங்கள். இது எனக்கே நடந்தது. எங்கள் ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

என் பெயர் துராம் பிருவா. சிங்பூம் மலையடியில் எங்கள் ஹோ ஜனங்களின் ஊர். மலைக்குள் இருந்த செம்புச் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போட்டு வயிறு வளர்த்தவன். செம்பு விலை சரிந்தது. கீழ்த்தளங்களில் தண்ணீர் ஏறியது. கம்பெனி பூட்டிக்கொண்டு போய்விட்டது. போகிற போக்கில், கூரையைத் தாங்குவதற்காக விட்டுவைத்திருந்த பாறைத் தூண்களையும் செதுக்கி எடுத்துக்கொண்டார்கள். அதிலும் செம்பு இருந்ததே! எங்கள் மலைப் பாறை அடுக்கி வைத்த ஓடு மாதிரி ஏடு ஏடாக இருக்கும். தூண் போனால் ஏடு கழன்றுவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் போனேன்.

என் மனைவி நந்தியின் தம்பி செலாய் புது வீடு கட்டிக்கொண்டிருந்தான். உத்திரத்துக்குச் சுரங்கத்துத் தண்டவாளம் ஒன்று வேண்டுமாம். நந்தி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"போறதுன்னா போங்க. என் தம்பியை முழுசா கூட்டிட்டு வாங்க."

மதியம் ஒரு மணிக்கு உள்ளே நுழைந்தோம். சுவரெல்லாம் பச்சையாக வழிந்திருந்தது. ஓரமாக நீலத் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் இரும்பைப் போட்டால் செம்பு ஏறும். மரத்தைப் போட்டால் எத்தனை வருஷமானாலும் மக்காது.

கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்த்தேன். நல்ல பாறை என்றால் 'கணீர்' என்னும். இது 'டொப்' என்றது.

"என்ன அத்தான், முகம் வெளுத்துப்போச்சு? அக்கா சேலையைக் கட்டிக்கிட்டு வெளியே உக்காருங்க. நான் எடுத்துட்டு வரேன்."

"போடா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இங்க பீடி குடிச்சவன் நான்."

"கூரை எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

ரோஷம். வேறென்ன?

அவன் முன்னால் போய் அந்த முனையைப் பார்த்தான். நான் இந்த முனையில் போல்ட்டின் மேல் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன்.

டிங்... டிங்...

"செலாய்! விளக்கைக் காட்டுடா."

"ஓய்!"

டிங்... டிங்...

"செலாய்!"

"ஓய்!"

டிங்... டிங்...

"செலாய்!"

"ஓய்..."

இந்த முறை குரல் முன்னாலிருந்து வரவில்லை. இடதுபுறம், பல வருஷங்களுக்கு முன்பே கல் வைத்து அடைத்த பழைய வழி ஒன்று உண்டு. அதற்குள்ளிருந்து வந்தது...

என் கை அப்படியே நின்றுவிட்டது. வெளியிடத்தில் செத்தவரை வீட்டுக்கு அழைக்க எங்கள் ஜனம் செய்வது இதுதான். செத்த இடத்துக்குப் போய் இரும்போடு இரும்பைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். வீட்டு உள்ளறையில் சாம்பல் தூவி வைப்போம். சாம்பலில் காலடி தெரிந்தால் அவர் வந்துவிட்டார். புத்தி கெட்டுப்போய் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்!

செலாய் என்பது அவன் தாத்தாவின் பெயர். எங்களிலும் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அந்தத் தாத்தாவும் இதே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் ஷிப்டுக்குப் போனவர் திரும்பவில்லை. எவளோடோ அசாம் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிவிட்டார் என்று ஊர் சொன்னது. அவருடைய மகன் கோனோ, அதாவது என் மாமனார், 'ஓடுகாலி மகன்' என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர். ஓடிப்போனவரை யார் கூப்பிடுவார்கள்? கூப்பிடவே இல்லை.

மேலே 'சர்ர்ர்' என்றது.

"அத்தான்!"

தூசி... கல்... இருட்டு.

"அத்தான், கால் மாட்டிக்கிச்சு! அத்தான்!"

நான் ஓடினேன்.

ஆமாம். ஓடினேன்.

ஊருக்கும் போகவில்லை. நந்தி முகத்தில் எப்படி விழிப்பது? சால் மரக் காட்டுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். சுத்தியல் இன்னும் என் கையிலேயே இருந்தது. பொழுது சாய்ந்தது. மலைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டிங்... டிங்...

விடியும்வரை அது நிற்கவில்லை. செலாய்தான் தட்டுகிறான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தும் நான் எழுந்து போகவில்லை. பாவி.

விடியற்காலை ஊர்ஜனம் தேடி வந்தது. சுத்தியலைச் சருகுக்குள் புதைத்துவிட்டு, சுரங்க வாசலில் போய் நின்றேன். எல்லோருமாகக் கல்லை அள்ளினோம். செலாய் உயிரோடு இருந்தான்! கால்தான் உடைந்திருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அத்தான் ராத்திரி பூரா என்கூடவே இருந்தாரு" என்றான் எல்லோரிடமும். "கல்லு சந்துல கையை விட்டு என் கையைப் பிடிச்சிக்கிட்டாரு. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. 'தூங்காதே, தட்டு'ன்னு சுத்தியலைக் குடுத்தாரு. ஒண்ணையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாரு. 'நான் எங்கயும் ஓடலை. வீட்ல சொல்லிடு.'"

ஊரே என்னைப் பார்த்தது. நான் குனிந்து செலாய்க்குத் தோள் கொடுத்தேன்.

செலாய் கையிலிருந்த சுத்தியல் சிவப்பாக மின்னியது. நகத் தடிமனுக்குச் செம்பு ஏறியிருந்தது. ஒரு ராத்திரியில் அவ்வளவு ஏறாது. மரக் கைப்பிடி மட்டும் மக்காமல் அப்படியே இருந்தது.

மாமனார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஓடாம நின்னியேப்பா!" என்றார். அன்றைக்கு அரிசிக் கள்ளான ஹண்டியாவின் முதல் குவளையை எனக்குத்தான் ஊற்றினார்கள். குடித்தேன்.

அடுத்த மாதம் சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். அன்று சாயங்காலம் மாமனார் அந்தச் சுத்தியலை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து வந்தார்.

"எங்கப்பாவும் இப்படி ஒண்ணு வெச்சிருந்தாரு. பிள்ளை பொறக்கப் பொறக்கக் கைப்பிடியில ஒரு வெட்டு போடுவாரு. எனக்கு ஒண்ணு. என் தங்கச்சிங்களுக்கு ரெண்டு."

பேசும்போது அவர் கட்டைவிரல் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தது. ஒரு வெட்டு... இன்னொன்று... இன்னொன்று...

"இது உன்னுதுதானே?"

உண்மையைச் சொல்லியிருந்தால் அவருடைய அப்பா அன்றே வீடு திரும்பியிருப்பார். எனக்குத் தெரியும்.

"என்னுதுதான் மாமா."

சுத்தியலை என் கையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

சுத்தியல் எங்கள் உள்ளறைச் சுவரில் தொங்குகிறது. மகன் கூப்பிடவில்லை. இரும்பைத் தட்டிக் கூப்பிட்டவன் நான்தான். அப்படியானால் வருகிறவர் எந்த வீட்டுக்கு வருவார்?

இன்று காலையும் நந்தி உள்ளறை அடுப்படிச் சாம்பலைக் காட்டினாள். இரண்டு பாதங்கள். நான் படுக்கும் பாயைப் பார்த்தபடி. விளிம்பெல்லாம் நீல ஈரம்...

"தினமும் பெருக்கறேன், தினமும் இருக்கு. யாரு காலு இது? உங்க காலு இவ்ளோ பெருசு இல்லையே?"

"என் காலுதான்" என்றேன்.